நாலாவது வகைக் கட்டி

ஒரு பஸ் டிரைவர் இருந்தார். வருஷக்கணக்காக வெயில் குடித்த அவருடைய ஜன்னலோரக் கையில் பட்டாணி அளவுக்குச் சிவப்பாக ஒரு கட்டி வந்தது. லட்சத்தில் ஒருவருக்கு வரும் தோல் புற்றுநோய் என்றார்கள். ஒரு துணுக்கு எடுத்து, சீவி, சாயம் ஏற்றி, திசு வகைப்பாட்டு உயர்நிலைக் குழுவின் மேலான பார்வைக்கு அனுப்பினார்கள்.

அந்த நோயில் மூன்று வகை. செல்கள் கொடியாகப் படர்ந்தால் முதல் வகை, மந்தையாகக் கூடினால் இரண்டாவது, பொடிப்பொடியாகச் சிதறினால் மூன்றாவது. வகை தெரியாமல் கத்தி வைக்கக் கூடாது என்பது ஆஸ்பத்திரி விதி.

இந்தக் கட்டிக்கோ விதி தெரியவில்லை. ஒரு ஓரத்தில் கொடி, மறு ஓரத்தில் பொடி. குழு இரண்டாகப் பிளந்தது. கொடிக் கட்சியும் பொடிக் கட்சியும் சாப்பாட்டு மேஜையைக்கூடப் பிரித்துக்கொண்டன.

அதற்குள் கட்டி கோலிக்குண்டு அளவாகிவிட்டது. டிரைவரின் மனைவி குழுத் தலைவரின் அறைக்குள் நுழைந்தாள்.

"சார், கொடியா இருந்தா என்ன வைத்தியம்?"

"சுத்தியிருக்கிற நல்ல சதையோட சேர்த்து வெட்டி எடுக்கணும்மா."

"பொடியா இருந்தா?"

"அப்பவும் அதேதான்."

"அப்ப வெட்டித் தொலைங்களேன்! அது பாட்டுக்கு வளருது."

"என்னன்னு தெரியாம எப்படிம்மா வெட்டுறது? உங்க வீட்டுக்காரர் உயிர் விஷயம். அவசரப்படலாமா?"

ஒருவழியாகச் சமரசம் பிறந்தது: இது நாலாவது வகை! ஆனால், பழைய துணுக்கு இன்றைய கட்டியின் கருத்தைப் பிரதிபலிக்காது என்பதால், புதுத் துணுக்கு எடுக்கும்படி சர்ஜனுக்கு உத்தரவு போயிற்று. அவர் அதிகம் பேசாதவர். எடுத்து அனுப்பினார்.

தலைவர் பதறினார். "என்னய்யா, கட்டி முழுசா வந்திருக்கு?"

"துணுக்கு கொஞ்சம் பெரிசாப் போச்சு சார்."

"சுத்தி இவ்வளவு நல்ல சதை?"

"அதுவும் கூடவே வந்துடுச்சு சார்."

டிரைவர் பிழைத்தார். மறுபரிசோதனைக்கு வந்தபோது, பெஞ்சில் பக்கத்தில் கன்னத்தில் பிளாஸ்திரியோடு ஒருவர்.

"எனக்கும் இதே நோய்தாங்க. ரெண்டாவது வகைன்னு உடனே சொல்லிட்டாங்க. நாளைக்கு ஆபரேஷன்."

"ரெண்டாவதா?" டிரைவர் சட்டைக் கையைச் சுருட்டித் தழும்பைக் காட்டினார். "அது சாதாரணமா வர்றதுதான். என்னோடது நாலாவது. உலகத்துலயே எனக்கு மட்டும்தான்."

"சும்மா இருங்க" என்று மனைவி இடித்தாள். பிறகு அவளே, "கொடியும் பொடியும் கலந்தது" என்றாள்.

அந்த மனிதரின் முகம் தொங்கிப்போயிற்று. எழுந்து போய்க் குழுவின் கதவைத் தட்டினார்.

"சார், நாளைக்கு வெட்டுறதைக் கொஞ்சம் தள்ளி வைங்க. என்னோடதை இன்னொரு தடவை நல்லாப் பாருங்களேன்."