பாட்டுக்குப் பிடித்த காத்துக்கருப்பு

வங்காளத்துக் கார்டன் ரீச் ரயில்வே காலனி இன்ஸ்டிட்யூட் வாசலில் அந்த ஞாயிற்றுக்கிழமை செருப்பு விட இடமில்லை. துர்கா பூஜைக்குக்கூட அங்கே இவ்வளவு செருப்பு சேர்ந்ததில்லை. சாந்த்ராகாச்சியிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். ஜாதவ்பூரிலிருந்து மாணவர்கள். சால்ட் லேக் கம்ப்யூட்டர் கம்பெனிகளிலிருந்து கழுத்தில் அட்டை தொங்கும் இளைஞர்கள், ஞாயிற்றுக்கிழமையிலும் அட்டை. எல்லோர் கையிலும் ஒரு நோயாளி இருந்தது. பென் டிரைவ், போன், லேப்டாப். ஒருவர் தன் டிவியையே ரிக்‌ஷாவில் ஏற்றிக் கூட்டி வந்திருந்தார்.

மேலே பேனர்: "டிஜிட்டல் தோஷ நிவர்த்தி. நாதசித்தர் சாய்ராம்ஜி, இமயமலை." இமயமலை என்பது பட்டமா, முகவரியா என்று யாரும் கேட்கவில்லை.

முன்வரிசையில் கோவிந்தராஜன். ரயில்வே தலைமையகத்தில் கணக்கு அதிகாரி. மடியில் மஞ்சள் துணி சுற்றிய ஹார்ட் டிஸ்க். சபா சபாவாக ஏறி இறங்கி, ரெக்கார்டரை அங்கவஸ்திரத்துக்குள் ஒளித்துவைத்து அவர் பிடித்த கச்சேரிகள் அத்தனையும் அதற்குள் இருந்தன. வேறு பிரதி கிடையாது. இன்று மதியம் அதைக் கங்கையில் போடப் போகிறார். அவராகவே. சந்தோஷமாக.

பைத்தியமா என்று கேட்காதீர்கள். இரண்டு பட்டம் வாங்கியவர்.

கோவிந்தராஜனுக்குச் சங்கீதத்தின் மேல் உயிர். சங்கீதம் வந்து சேரும் வழிகளின் மேல் எரிச்சல். புது ஆப், புது ஸ்பீக்கர் எது வந்தாலும் முதல் ஆளாக வாங்குவார். மறுநாள் முதல் ஆளாகத் திட்டுவார். ஆப்பில் பைரவி ஆலாபனை உச்சிக்கு ஏறும் நேரம் பார்த்து ஒருவன் வந்து வீட்டுக்கடன் வேண்டுமா என்பான். சந்தா கட்டினால் விளம்பரம் போய்விடும் என்றார்கள். கட்டினார். விளம்பரம் போயிற்று; கூடவே அந்தக் கச்சேரியும் போயிற்று. தோடி கேட்டவருக்கு, "உங்களுக்கு இதுவும் பிடிக்கும்" என்று குழந்தைகளைத் தூங்கவைக்கும் மழைச் சத்தத்தைப் போட்டது. ஒரு முழுக் கச்சேரியைக் கேட்கலாம் என்று உட்கார்ந்தால், அது தன்னிஷ்டத்துக்குக் கலைத்துப்போட்டு முதலில் மங்களம், நடுவில் தனி ஆவர்த்தனம், கடைசியில் வர்ணம் என்று பாடியது.

எல்லாவற்றுக்கும் மேல் அந்தப் பெண்மணி. ஸ்பீக்கருக்குள் ஓர் இங்கிலீஷ்காரி குடியிருந்தாள். பாடகர் கண்ணை மூடி மேல் ஷட்ஜத்தில் நிற்கும்போது "பேட்டரி லோ" என்பாள். சத்தத்தை முழுக்க ஏற்றிவிட்டால் "மேக்ஸிமம் வால்யூம்" என்று கண்டிப்பாள்.

"இந்தப் பொம்மனாட்டி வாயை மூட ஒரு வழி இல்லையா?" என்று கத்துவார் கோவிந்தராஜன்.

"என்னையா சொல்றேள்?" என்று சமையலறையிலிருந்து குரல் வரும். அது அன்னபூரணி. அவர் மனைவி.

இப்படி நொந்து கிடந்தவரிடம்தான் ஆபீஸ் நண்பர் பரமசிவம் சாந்த்ராகாச்சியிலிருந்து சேதி கொண்டுவந்தார். "கோவிந்து, தப்பு ஆப்புல இல்லப்பா. பாட்டுக்குக் காத்துக்கருப்பு பிடிச்சிருக்கு. மந்திரிக்க ஆள் வந்திருக்கார்."

போனார்கள். சாய்ராம்ஜி காவி ஜிப்பாவில் நாற்காலி கொள்ளாமல் உட்கார்ந்திருந்தார். இடது மணிக்கட்டில் ருத்ராட்சம் மாவுக்கட்டுப் போட்ட மாதிரி தடிமனாகச் சுற்றியிருந்தது. இமயமலைக்கு முன்னால் அவர் பாரக்பூரில் தண்ணீர் சுத்திகரிக்கும் மிஷின் விற்றவர் என்று ஒரு பேச்சு உண்டு. அழுக்கு இருக்கிறது என்று பயமுறுத்தி விற்பது அவருக்குப் புதிதல்ல.

"டிஜிட்டல்னா என்ன? பூஜ்யமும் ஒண்ணும். பூஜ்யம்னா சூன்யம். பாட்டுக்குள்ள சூன்யம் வெச்சு அனுப்பறான். அதைக் காசு குடுத்து வாங்கறோம்" என்றார்.

கூட்டம் பெருமூச்சு விட்டது.

"ஒரு விநாடிப் பாட்டை நாப்பத்திநாலாயிரத்து நூறு துண்டா வெட்டறான். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவுல என்ன இருக்கு? ஓட்டை. ஓட்டை விழுந்த வீட்டுக்குள்ள என்ன வரும்?"

"காத்து" என்றது கூட்டம்.

"காத்தோட?"

"கருப்பு."

சால்ட் லேக் தினேஷ்குமார் தினமும் பூஜ்யத்தையும் ஒன்றையும் வைத்துத்தான் சம்பளம் வாங்குகிறவன். அவன் பக்கத்து நாற்காலியிடம் சொன்னான்: "லாஜிக்காதாங்க பேசுறாரு."

பிறகு அற்புதம். கோவிந்தராஜனின் சொந்த ஸ்பீக்கரையே மேஜைமேல் வைத்தார்கள். ஏமாற்று இருக்க முடியாது பாருங்கள். சித்தரின் போன் எல்லோர் கண்ணெதிரே தனியாகக் கிடந்தது, யாரும் தொடவில்லை. அதிலிருந்து ஸ்பீக்கர் வழியாகப் பாட்டு வந்தது, ஜலதோஷம் பிடித்தவர் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவது போல. சித்தர் ஒரு செப்புத் தகட்டை ஸ்பீக்கரின் முதுகில் ஒட்டினார். கண்ணை மூடினார். வலது கையால் இடது மணிக்கட்டைப் பற்றி மெல்லத் தடவினார்.

"திறப்பு முத்திரை. இந்த ஊர்ல துர்க்கைக்குக் கண் திறக்கறாங்க இல்லையா? அந்த மாதிரி ஸ்பீக்கருக்குக் காது திறக்கறது."

ஸ்பீக்கருக்கு வாய்தானே உண்டு, காது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தோன்றவில்லை. ஏனென்றால் பாட்டு எழுந்து நின்றது. வயலின் பளபளத்தது, மிருதங்கம் நெஞ்சில் விழுந்தது. "கீ தாருண்" என்று வியந்து ஒரு வங்காளி அம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். கோவிந்தராஜன் அழுதார். தகடு வாங்கினார்.

ஆனால் தகடு வெறும் முதலுதவிதானாம். முழுக் குணம் வேண்டுமென்றால் பாட்டின் ஆத்மாவைச் சித்தரின் லேப்டாப் வழியாக மேல்மண்டலத்துக்கு ஏற்ற வேண்டும். அதன்பின் பழைய உடம்பை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. பூஜை முடிந்ததும் சிலையை என்ன செய்கிறோம்? பாஸான். கங்கையில் கரைப்பு. டிஸ்குக்கும் அதே மரியாதை. கங்கையில் கை நனைந்தாலே சக்தி நூறு மடங்காம். பிறகு பாட்டைக் கேட்பது எப்படி? மேல்மண்டலத்திலிருந்து வரும். மாதாமாதம் காணிக்கை செலுத்திக்கொண்டிருக்கும் வரை வரும்.

ஆப்காரன் சந்தா என்றபோது கொள்ளை என்று குதித்த அதே கோவிந்தராஜனுக்குக் காணிக்கை என்றதும் உடம்பு புல்லரித்தது. பரமசிவம் போன வாரமே தன் டிஸ்கைக் கரைத்துவிட்டு, குளித்து, ஈரவேட்டியோடு வீடு போய்ச் சேர்ந்திருந்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் கோவிந்தராஜன் வீட்டில் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தார். அன்னபூரணி இட்லிக்கு அரைத்துவிட்டுக் கிரைண்டரைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அன்னம், தம்புராவைக் கேளு. தகடு ஒட்டினதுலேர்ந்து ஒவ்வொரு தந்தியும் தனித்தனியா நிக்கறது."

"எந்தத் தகடு?"

"ஸ்பீக்கர் முதுகுல ஒட்டியிருக்கே."

"அது வந்த மறுநாளே கிரைண்டர் காலுக்கு அடியில போயாச்சே. தரை சரியில்லை, ஆடிண்டே இருந்தது. இப்போ ஆடறதில்லை. நல்ல தகடுதான்."

கோவிந்தராஜன் போய்க் குனிந்து பார்த்தார். தகடு இருந்தது. அதன்மேல் மாவு காய்ந்திருந்தது. இத்தனை நாள் அவர் சிந்திய ஆனந்தக் கண்ணீருக்கெல்லாம் காரணம் கிரைண்டருக்கடியில் படுத்திருந்தது. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே சிரித்திருப்பார்கள். அவர் படித்தவர், யோசித்தார்.

"வீட்டுக்குள்ள எங்க இருந்தாலும் அது வேலை செய்யும்."

"அப்போ சாய்ராம் வீட்டுலயே இருந்தாலும் செய்யுமே. எதுக்கு வாங்கினேள்?"

"உனக்கு ராகம் தெரியாது. பேசாதே."

"தெரியாதுதான். கிரைண்டர் ஆடறதா ஆடலையான்னு தெரியும்." கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் நின்றாள். "நாளைக்கு டிஸ்கைப் போடறதுக்கு முன்னால ஒரு தடவை நான் துண்டால மூடி அந்தத் தகடை ஒட்டறேன். ஒட்டினேனா இல்லையான்னு உங்க கூட்டம் காதால சொல்லட்டும். சரியாச் சொன்னா டிஸ்கை நானே தூக்கிக் கங்கையில போடறேன்."

"எல்லார் எதிரிலயும் மூக்கறுபட்டுண்டு நிப்பே."

"போறது என் மூக்கு. கச்சேரி உங்களோடது."

ஞாயிற்றுக்கிழமை. கரைப்புக்குப் போக வேண்டிய டிஸ்குகள், கோவிந்தராஜன் மடியிலிருந்தது உட்பட, மேடைக்கு வந்து மாலையோடு வரிசையாக இருந்தன. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் கங்கைத் தண்ணீர், தெளிப்பதற்கு. அன்னபூரணி துண்டும் டிபன் டப்பாவுமாக மேடையேறி விஷயத்தைச் சொன்னாள். கூட்டத்துக்கு முன்னால் மாட்டேன் என்று சொல்லச் சித்தருக்கு வழியில்லை. சிரித்தார்.

"தாராளமா ஒட்டுங்கம்மா."

சித்தரின் போனிலிருந்து மெலிதாகப் பாடிக்கொண்டிருந்த தன் வீட்டு ஸ்பீக்கரை அவள் துண்டால் மூடினாள். கையை உள்ளே விட்டாள். எடுத்தாள். சித்தர் கண்ணை மூடி மணிக்கட்டைத் தடவினார். பாட்டு எழுந்து நின்றது.

"உயிர் வந்துடுச்சு" என்று ஹால் முழுக்கக் கை தூக்கியது. கோவிந்தராஜன் இரண்டு கையும் தூக்கினார்.

அன்னபூரணி துண்டை எடுத்தாள். ஸ்பீக்கர் முதுகு மொட்டையாக இருந்தது. டிபன் டப்பாவைத் திறந்தாள். இட்லிமேல் தகடு உட்கார்ந்திருந்தது.

தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. சித்தர் அசரவில்லை. "அம்மா தகட்டைத் தொட்ட கையால ஸ்பீக்கரைத் தொட்டாங்க. சக்தி கை வழியா இறங்கிடுச்சு."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. "கண்டக்‌ஷன்" என்று தினேஷ்குமார் பக்கத்து நாற்காலிக்கு விளக்கினான்.

அங்கேயே எல்லாம் முடிந்திருக்கும். அன்னபூரணி தோற்றிருப்பாள், டிஸ்க் போயிருக்கும். சித்தரைக் கெடுத்தது சந்தேகம் இல்லை, பக்தி. கோவிந்தராஜன் எழுந்தார். மனைவியை அரைகுறையாகத் தோற்கடித்தால் அவருக்குப் போதாது.

"சுவாமி, கை கங்கையில இருந்தா சக்தி நூறு மடங்குன்னு சொன்னேளே. இதோ கங்கை. ஒரு தடவை காமிச்சுடுங்கோ. இவ அப்புறம் வாயே திறக்கப்படாது."

"வேண்டாம் பக்தா. நூறு மடங்கை இந்த ஹால் தாங்காது."

"தாங்கும் சுவாமி. ரயில்வே கட்டினது."

சொல்லிக்கொண்டே வாளியைத் தூக்கிவந்து, சித்தரின் இடது கையைக் குழந்தையைக் குளிப்பாட்டும் பதவிசோடு முழங்கை வரை உள்ளே அமுக்கினார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

சித்தர் கையை உருவப் பார்த்தார். கோவிந்தராஜன் விடவில்லை. ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு பாட்டு பூனைபோல முனகியது. திடீரென்று இடியாக விழுந்தது. செத்தது. வேறு பாட்டுக்குத் தாவியது. அதிலிருந்து இன்னொன்றுக்கு. மறுபடி இடி. தண்ணீருக்கடியில் ருத்ராட்சக் கொத்துக்குள் ஏதோ பச்சையாக மினுங்கியது.

"மேக்ஸிமம் வால்யூம்" என்றாள் ஸ்பீக்கருக்குள்ளிருந்த இங்கிலீஷ்காரி.

எல்லோரும் கேட்டார்கள். பாட்டு இறங்கியது, ஏறியது. "மேக்ஸிமம் வால்யூம்" என்றாள் மறுபடியும், பொறுமையாக. மண்டபத்தில் அன்று உண்மை பேசிய முதல் ஆள் அவள்தான். அன்னபூரணிகூடத் துண்டுக்குள் வெறும் கையைத்தான் விட்டாள்.

தினேஷ்குமார் மேடைக்கு வந்தான். வாளியிலிருந்து சித்தரின் கையைத் தூக்கி ருத்ராட்சத்தை விலக்கினான். வாட்ச். அதன் முகத்தில் ஒரு கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"அட, இதே வாட்ச் என்கிட்டயும் இருக்குங்க" என்று தன் கையை நீட்டினான். "போன் சத்தத்தை இதுலயே கூட்டலாம், குறைக்கலாம். தண்ணி பட்டா விரல் பட்டதா நினைச்சுக்கும், அதான் ஆடுது. மெட்ரோல நான் தினம் இதுலதான்..." நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். தினம் தன் மணிக்கட்டில் செய்வதை இன்னொருவர் செய்தபோது கும்பிட்டது நினைவுக்கு வந்திருக்கும்.

"அப்போ உயிர் வந்தது?" என்று யாரோ கேட்டார்கள்.

"சத்தம் கூடினா எந்தப் பாட்டும் நல்லாத்தாங்க இருக்கும்" என்றான் மெதுவாக.

பரமசிவம் எழுந்தார். "என் டிஸ்க்? மேல்மண்டலத்துல பத்திரமா இருக்கோல்லியோ?"

"இருக்கு" என்றார் சித்தர், கையைத் துடைத்துக்கொண்டே. "காணிக்கை தொடர்ந்து வந்தா..."

"ஒரே ஒரு பாட்டு போட்டுக் காட்டச் சொல்லுங்கோ" என்றாள் அன்னபூரணி.

லேப்டாப்பைத் திறந்தார்கள். மேல்மண்டலத்தில் சித்தர் மேடையில் போட்டுக்காட்டும் பாட்டுகள் மட்டும் இருந்தன. பரமசிவத்தின் பெயரில் ஃபோல்டர் என்று ஓர் அறை இருந்தது, அதற்குள் ஒன்றுமில்லை. டிஜிட்டலுக்குள் பூஜ்யம் இருக்கிறது என்று சித்தர் சொன்னது பொய்யில்லை.

அதற்குமேல் இமயமலை இடம்பெயர்ந்தது. பின்கதவுப் பக்கம் நகர்ந்தவரை, டிவியை ரிக்‌ஷாவில் கொண்டுவந்தவர் குறுக்கே நின்று பிடித்தார். போலீஸ் ஜீப் வந்தது. ஏறும்போது ருத்ராட்சத்தை உருவிப் போட்டுவிட்டார். வாட்ச்சைக் கழற்றவில்லை; அது விலை உயர்ந்தது.

"இருந்தாலும் கோவிந்து," என்றார் பரமசிவம், வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே, "அந்த முதல் நாள் கேட்டோமே, அதுல ஏதோ இருந்ததுப்பா."

கோவிந்தராஜன் மாலையைக் கழற்றிய டிஸ்கை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதைப் பிரதி எடுத்தார். பிரதிக்கு ஒரு பிரதி எடுத்தார். தகடு தன் பழைய உத்தியோகத்துக்குக் கிரைண்டரடியில் திரும்பிச் சேர்ந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் ஒரு காம்போதியைப் போட்டார். சரியாக நிரவலின் நடுவில் அந்த இங்கிலீஷ்காரி "பேட்டரி லோ" என்றாள்.

"சரிம்மா" என்று எழுந்துபோய்ச் சார்ஜரை எடுத்துவந்தார்.

கண்ணுக்கு இமை உண்டு. காதுக்குக் கதவு கிடையாது; எவன் வந்தாலும் உள்ளே விடும். அதனால்தான் இரண்டு காதுக்கும் நடுவில் இயற்கை ஒரு காவல்காரனை வைத்திருக்கிறது. சம்பளம் கேட்பதில்லை, காணிக்கையும் கேட்பதில்லை. பிறந்ததிலிருந்து சும்மா உட்கார்ந்திருக்கிறான். எப்போதாவது அவனுக்கும் வேலை கொடுத்துப் பாருங்கள்.