தண்ணீர் விட்ட முழங்கால்

தன் முழங்காலுக்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான். எலும்பு வார்டில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தார். எல்லோருக்கும் அவர் மேசனார். நெடுந்தீவில் ஆயுள் முழுக்கக் குந்தியிருந்து சுவர் கட்டி முழங்காலைத் தேய்த்துக்கொண்டவர். நானோ மண்கும்பானில் மாட்டோடு மோட்டார் சைக்கிளை மோதித் தொடையெலும்பை முறித்தவன். மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மேசனாருக்குப் போட்ட செயற்கை மூட்டில் கிருமி புகுந்துவிட்டது. டொக்டர் அதைக் கழற்றிவிட்டு, கிருமிகொல்லி மருந்து கலந்த சீமெந்தை அந்த இடத்தில் வைத்திருந்தார். மருந்து மெல்லக் கசிந்து கிருமியைக் கொல்லும்; பிறகு சீமெந்தை எடுத்துவிட்டுப் புது மூட்டுப் போடுவார்கள். ஊசிக்காகத் தினமும் கடல் தாண்டி வரமுடியாதென்று அவரை வார்டிலேயே வைத்திருந்தார்கள்.

சீமெந்து என்று கேட்டதுதான் தாமதம், மேசனார் கட்டிலில் எழும்பி உட்கார்ந்துவிட்டார்.

"டொக்டர், ஒரு பங்கு சீமெந்துக்கு எத்தினை பங்கு மண் போட்டனீங்கள்?"

"மண் இல்லை ஐயா. இது வேறை சாமான். பத்து நிமிசத்திலை இறுகிப்போச்சு."

"தண்ணி விடாமலோ? அப்ப கட்டாயம் வெடிக்கும்!"

மறுநாள் காலை வார்டுத் தாதி மிஸி போர்வையை விலக்கினால், காயக்கட்டின் மேல் நனைத்த துவாய். புதுக் கொங்கிறீட்டுக்கு ஈரச்சாக்குப் போடுவதுபோல் பக்குவமாகப் போர்த்தியிருந்தார்.

"ஐயா, காயம் நனையக்கூடாது எண்டு சொன்னனான் எல்லோ!"

"பிள்ளை, தண்ணி காட்டாத சீமெந்து நிண்டதா சரித்திரம் இல்லை."

அன்றிலிருந்து அவருடைய தண்ணீர்ப் போத்தல் மிஸியின் மேசைக்குப் போய்விட்டது. தாகமெடுத்தால் அவள் கண்முன்தான் குடிக்கவேண்டும்.

நோயாளிகளைப் பார்க்க ஆட்கள் வரும் நேரத்தில் வார்டிலேயே அதிகம் மகிழ்ந்தவர் மேசனார்தான். அவரைப் பார்க்க ஒருவரும் வருவதில்லை. மனைவி இல்லை, பிள்ளைகள் எல்லோரும் கனடாவில். அதனால் மற்றவர்களைப் பார்க்க வந்தவர்களைப் பிடித்துக்கொள்வார். என் அக்காவைக் கதிரையில் இருத்தி, வீட்டில் எங்கெங்கே வெடிப்பு என்று விசாரித்து, "தங்கச்சி, அந்த அறையிலை மட்டும் படுக்காதையும்" என்று எச்சரித்தார். அக்கா அன்றிலிருந்து குசினியில்தான் படுத்தாள். மணி அடித்து எல்லோரும் போனதும், மேசனார் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார்.

இரத்தப் பரிசோதனையில் கிருமி இல்லையென்று வந்தது. டொக்டர் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தார்.

"சீமெந்து இன்னும் இறுகேல்லை" என்றார் மேசனார்.

இன்னொரு நாள் குறித்தார்கள். அன்றும் இறுகவில்லை. டொக்டருக்குப் பொறுமை போய்விட்டது.

"ஐயா, இது தற்காலிகம். கனகாலம் விட்டா தேஞ்சு உடைஞ்சு எலும்பையும் கெடுத்துப்போடும். பிறகு புது மூட்டுப் போட ஏலாது. நாளைக்கு முடிவு சொல்லுங்கோ."

அன்று பின்னேரம் எனக்கும் கோபம் வந்தது. "என்ன அண்ணை, காலை வீணாக்கப்போறியளோ?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "சீமெந்து இறுகினது எனக்குத் தெரியும் தம்பி. புது மூட்டுப் போட்டா வீட்டை போகச் சொல்லுவினம். பிள்ளையளுக்கெண்டு ஆளுக்கொரு அறை வைச்சுக் கட்டின வீடு. இருமினா என்ரை சத்தம்தான் திரும்பி வருது."

வாயில் வந்ததைச் சொன்னேன். "நாரந்தனையிலை எங்கடை மதில் விழுந்து கிடக்கு அண்ணை. நீங்கள் நடந்து வந்தால்தான் எழுப்பலாம்."

மேசனார் மெல்லத் திரும்பினார். "அத்திவாரம் ஆர் போட்டது?"

"தெரியாது."

"அதுதான் விழுந்திருக்கு" என்றார். "மிஸியைக் கூப்பிடும்."

மறுநாளே சத்திரசிகிச்சைக்குப் போனார். சில மாதங்களில் படகேறி, பஸ் ஏறி, ஊன்றுகோலோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். குந்தக்கூடாது என்பது டொக்டரின் கட்டளை. அதனால் அவர் கதிரையில் இருந்து குறை சொன்னார். கல் அடுக்கியது நான். ஒரு வரிசை வைத்தால், அது இறுகும் வரை அடுத்த வரிசைக்கு விடமாட்டார். ஊரிலேயே மெதுவாக எழும்பிய மதில் அதுதான்.

மதில் முடிந்து கனகாலமாகிவிட்டது. ஆனாலும் தண்ணீர் விடவேண்டும் என்று சனிக்கிழமை தவறாமல் வருகிறார். அது எப்போதோ இறுகிவிட்டது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் வாளியை நிரப்பி வைத்துவிட்டு, பஸ் சத்தம் கேட்கிறதா என்று வாசல் படலையடியில் நிற்கிறேன்.