இடமுறுக்குக் குல்லாய்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். கொஞ்சம் பிசகினாலும் செல்சோ பக்கம் நியாயம் இருப்பதுபோல் ஆகிவிடும். அப்புறம் அவன் மனைவி பெத்ரோனா என் வாசலை மிதிக்க மாட்டாள். அதனால் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

எங்கள் தித்திகாகா ஏரித் தீவில் நூற்பது பெண்கள், பின்னுவது ஆண்கள். பெத்ரோனா இருபத்திரண்டு வருஷமாகப் புருஷனுக்கு நூற்றுக் கொடுத்தாள். உருளைக்கிழங்கு மூட்டையைச் சுமந்து கல்படி ஏறும்போதும் அவள் கையில் தக்கிளி சுற்றும். செல்சோ உட்கார்ந்த இடத்தில் குல்லாய் பின்னுவான். அதில் தண்ணீர் ஊற்றினால் ஒரு சொட்டு ஒழுகாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சதுக்கத்தில் யாரோ அவன் குல்லாயைப் புகழ்ந்துவிட்டு, நூலும் நன்றாக இருக்கிறதே என்றார்கள்.

“நூல்ல என்ன இருக்கு?” என்றான் செல்சோ. “ஆடு மேய்க்கிறப்போ அதுவா வந்துடுது. எல்லாம் இந்த விரல்தான்.”

பின்னால் நின்ற பெத்ரோனாவின் தக்கிளி அப்படியே நின்றுபோனது. அதுவா வருதாமே! ரோமத்தை அலசி, சிக்கெடுத்து, விரல் நுனி மரத்துப்போனது யாருக்கு?

வீட்டுக்கு வந்ததும் ரோமக் கூடையையும் தக்கிளியையும் தூக்கி அவன் மடியில் வைத்தாள்.

“அதுவா வரும்யா. உக்காந்து வரவழைச்சுக்க.”

அவன் போதாத காலம், புத்தாண்டன்று தீவின் நிர்வாகிகளில் ஒருவனாகப் பதவி ஏற்க வேண்டியிருந்தது. புதுக் குல்லாய் இல்லாமல் அங்கே போய் நிற்க முடியாது. பெத்ரோனா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். அதே சதுக்கத்தில், அதே ஜனங்கள் முன்னால், அவள் நூலுக்கு ஈடில்லை என்று அவன் வாயால் சொல்ல வேண்டும். உயிரே போனாலும் சொல்ல மாட்டேன் என்றான் செல்சோ. நானே நூற்கிறேன் என்றும் சொன்னான்.

அவளுக்கு எதிரே உட்கார்ந்து, பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லித்தரக் கூடாது என்று அவளுக்கு உத்தரவு வேறு. கண்ணாடியில் பார்ப்பதுபோல, அவள் வலக்கையால் சுற்றியதை இவன் இடக்கையால் சுற்றினான். தக்கிளி எதிர்ப்பக்கம் சுழன்றது. பெத்ரோனா முதல் நாளே கவனித்துவிட்டாள். வாயைத் திறந்தாள். உத்தரவு ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டாள்.

இடப்பக்கம் முறுக்கிய நூல் எதற்கென்று எங்கள் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். நோயாளிக்குக் கட்டுவோம். பிணத்துக்குக் கட்டுவோம். கெட்டது அண்டாமலிருக்கக் கட்டுவோம். தலையில் கவிழ்த்துக்கொண்டு பதவி ஏற்க மாட்டோம். செல்சோவுக்கும் தெரியாமலில்லை. தன்னை மெச்சிக்கொள்ளவே நேரம் சரியாக இருந்ததால் நூலை உற்றுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

புத்தாண்டு வந்தது. சிவப்புக் குல்லாயோடு சதுக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தி நின்றான். தலைவர் சிப்ரியான் குல்லாயை வாங்கிப் பார்த்தார். ஓர் இழையை இழுத்து விரலால் உருட்டினார். முகம் மாறியது.

“இது இடமுறுக்காச்சே செல்சோ. வீட்டுல யாருக்கு முடியல?”

பக்கத்தில் நின்றவர்கள் இரண்டடி தள்ளினார்கள். செல்சோ மரியாதையாக, வாயில் போட்டு மெல்லும் கோக்கா இலையை நீட்டினான். வாங்க ஒரு கை வரவில்லை. இவளுக்கு இப்படித்தான் நூற்கத் தெரியுமா என்று யாரோ முணுமுணுத்தார்கள். பதவி கையை விட்டு நழுவுவது செல்சோவுக்குத் தெரிந்துவிட்டது.

“அவ நூத்தா இப்படி ஆகுமா?” என்று கத்தினான். “இது நான் நூத்தது. அவ நூல்ல இருபத்திரண்டு வருஷத்துல ஒரு குத்தம் உண்டா? இந்தத் தீவுல அவளுக்கு ஈடு யாரு?”

“சத்தமா சொல்லுய்யா,” என்றாள் பெத்ரோனா. “பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல.”

சொன்னான். அவள் முதுகு மூட்டையை அவிழ்த்து ஒரு புதுக் குல்லாயை எடுத்தாள். அவள் நூல். அவள் தம்பி பின்னியது. மச்சான் குல்லாய் கொஞ்சம் பெரிசு. காதை மூடியபடியே செல்சோ பதவி ஏற்றான்.

அந்த இடமுறுக்குக் குல்லாயைப் பெத்ரோனா வீணாக்கவில்லை. வீட்டுக்குப் போய் முழுசாகப் பிரித்து, தன் ரோமக் கூடையைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டாள். அந்த நூல் இருக்குமிடத்தில் கெட்டது எதுவும் அண்டாது என்பார்கள். இதுவரை செல்சோ அண்டவில்லை.