ஐஸ்பெட்டி சொன்ன கதையில் நான்

எனக்கு இன்னும் மூன்று மாதம்தான் ஆயுள் என்று சென்ற மாதம் ஒருநாள் பாதிப் பொழுது முழுமையாக நம்பினேன். சொன்னது டாக்டர் இல்லை. மீன்காரர்.

அவருக்கும் ஒரு பெயர் இருக்கத்தான் வேண்டும். ஆனால் லாஸ்பேட்டையில் எங்கள் தெருவுக்கு அவர் ஐஸ்பெட்டி. காலாப்பட்டுப் பக்கத்துக் குப்பத்திலிருந்து மொபெட்டின் பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு காலையில் வருவார். மீன் விற்று முடிந்ததும் நேராக மதியக் காட்சி. உலகத்தில் வெளியாகும் எல்லாப் படங்களையும் பார்த்துவிட்ட ஒரே மனிதர் அவர்தான் என்பது என் கருத்து. எந்தத் தியேட்டரிலும் அவர் உட்கார்ந்த வரிசையில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். காரணம், மீன் வாசனை. அதை அவர் தனக்குக் கிடைக்கும் மரியாதை என்று நினைத்திருந்தார்.

எவ்வளவு மட்டமான படமானாலும் நடுவில் எழுந்து வர மாட்டார். கடைசியில் ஓடும் பெயர்கள் வரை பார்த்துவிட்டு, கூட்டுகிறவர் வந்து காலைத் தூக்கச் சொன்ன பிறகுதான் எழுவார். "எல போட்டவன் இன்னும் பாயாசம் ஊத்தல, அதுக்குள்ள எழுந்து போனா இன்னா அர்த்தம்?" என்பார்.

மறுநாள் காலையில் மீனோடு விமரிசனமும் வரும்.

"படம் எப்படி ஐஸ்பெட்டி, தேறுமா?"

"செவுளு வெளுத்துப்போச்சு சார். ரொம்ப நாளு ஐசுல கெடந்த கதை."

நல்ல படம் என்றால், "துள்ளுது சார்!" தலைகால் புரியாத படம் என்றால், "முள்ளு ஜாஸ்தி. பொறுமையா துன்னா ருசி."

இதுவரை சிக்கல் இல்லை. சிக்கல் எங்கே என்றால், பாத்திரங்களின் பெயர் அவருக்கு மனதில் நிற்காது. ஆகவே மீன் வாங்குகிறவர்களையே நடிக்க வைத்துவிடுவார். "நம்ம மாடி வூட்டு டீச்சரம்மா துப்பாக்கிய எடுத்து நம்ம பென்ஷன்காரர நெத்தியிலயே ஒண்ணு உட்டாங்க பாரு!" என்பார். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் எதிர்வீட்டுப் பெரியவர் தொப்பி போடுவதால் அவருக்கு எப்போதும் வில்லன் வேஷம். அவரும் தினமும் தொப்பியோடு கேட்டருகே வந்து நின்று, "நேத்து நான் எப்படிச் செத்தேன்?" என்று விசாரித்துவிட்டுத்தான் உள்ளே போய்க் காபி குடிப்பார். எனக்கு நிரந்தரமாக ஹீரோவின் நண்பன் வேஷம். அடி வாங்குவேன், குளத்தில் விழுவேன், ஹீரோவுக்கு மோதிரம் எடுத்துக் கொடுப்பேன்.

இத்தனையும் தெரிந்த நான்தான் ஏமாந்தேன்.

முந்தின நாள் ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தேன். நோய் ஒன்றும் இல்லை, வயதுக்கு ஒரு மரியாதை. காலையில் பாதிச் சவரத்தில் இருந்தபோது வாசலில் ஐஸ்பெட்டியின் குரல் கேட்டது. வழக்கமில்லாத தணிந்த குரல்.

"ரிப்போர்ட்டு வந்துருச்சுக்கா. கோரிமேட்டு பெரியாஸ்பத்திரில டாக்டரு கைய விரிச்சிட்டாரு. மூணு மாசம்தானாம். மூல வூட்டு சாருக்கு இன்னும் தெரியாது. அந்தாளு பாட்டுக்கு ஜோக்கு அடிச்சிக்கினு கெடக்கறாரு."

மூலை வீடு எங்களுடையது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். டீச்சரம்மா மூக்கை உறிஞ்சினார். என் மனைவி தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்தாள்.

இது சினிமாக் கதையாக இருக்கலாமே என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? தோன்றியது. ஆனால் நண்பன் வேஷக்காரனுக்கு எவனாவது வியாதி கொடுப்பானா? வியாதி ஹீரோவுக்குத்தானே வரும்? ஆகவே இது நிஜம் என்று முடிவு கட்டினேன்.

மீதிச் சவரத்தைக் கைவிட்டேன். மூன்று மாதத்துக்கு எதற்கு? ஆபீசில் எல்லோரையும் மன்னித்தேன். என் ஸ்டேப்ளரைத் தூக்கிப்போனவரிடம் போய் அதற்குரிய பின்களையும் கொடுத்தேன். அவர் பயந்துபோய் ஸ்டேப்ளரைத் திருப்பித் தந்துவிட்டார். "என்னய்யா ஒரு பக்கம் மட்டும் தாடி?" என்றார் மேலதிகாரி. "சார், வாழ்க்கை..." என்று ஆரம்பித்தேன். அவருக்கு உடனே ஒரு போன் வந்துவிட்டது.

மதியம் வீட்டுக்குச் சாப்பிட வந்தேன். தட்டில் வஞ்சிரம் வறுவல் இரண்டு துண்டு. வழக்கமாக ஒன்றுதான். கடைசி ஆசையை நிறைவேற்றுகிறாள்!

"எனக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு" என்றேன்.

மனைவியின் முகம் மாறியது. "யாரு சொன்னது? கிழிஞ்ச பனியன்தானே, அதான் தரை தொடைக்க எடுத்துக்கினேன்."

"பனியன் இல்லடி! ரிப்போர்ட்டு! மூணு மாசம்!"

"லேப்ல போன் பண்ணாங்க. கொஞ்சம் கொழுப்பாம். அதுக்கு எதுக்கு ஊசி குத்தி ரத்தம் எடுக்கணும்? என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்."

"அப்ப காலையில ஏன் அழுத?"

"அது புதுப்படங்க! அதுல நீங்கதான் ஹீரோவாம்."

சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் இரண்டாவது துண்டு என் தொண்டையில் நின்றது. சிரித்து முடித்து, "ஆனா இன்னிக்கு முடிவு சொல்லாமலே போயிட்டாரு. இன்னாவோ ஆயிப்போச்சு அவருக்கு" என்றாள்.

மறுநாள் ஐஸ்பெட்டியைக் கேட்டிலேயே மடக்கினேன்.

"யோவ், என்னை எதுக்குய்யா சாகடிக்கிற?"

"இன்னா சார் பண்றது? அந்தாளு பொண்டாட்டிய சிரிக்க வெச்சிக்கினே இருந்தாரு. பாக்கப் பாக்க ஒங்க மூஞ்சியாவே தெரிஞ்சுது."

"சரி, செத்தேனா, பொழைச்சேனா? அதையாவது சொல்லு."

அவர் பெட்டிக்குள் கையை விட்டு ஐஸைக் கிளறினார். மீனைத் தேடுவதுபோல் இருந்தது. என்னைப் பார்க்கவே இல்லை.

"தெரியாது சார். இன்டர்வெல்லுலயே எழுந்து வந்துட்டேன்."



அன்று அரை நாள் லீவு போட்டுவிட்டு அந்தப் படத்துக்குப் போனேன். என் உயிருக்காக நான் டிக்கெட் எடுத்தது அதுதான் முதல் தடவை. அடுத்த நாள் காலை கேட்டருகே நான் கதை சொன்னேன், ஐஸ்பெட்டி கேட்டார்.

"பொழைச்சிட்டேன்யா. ரிப்போர்ட்டு மாறிப்போச்சாம். கடைசியில எனக்கு ஒரு டூயட்டு வேற."

"அப்பிடிச் சொல்லு சார்! படம் துள்ளுதுன்னு அப்பவே நெனச்சேன்." தராசு இறங்கி நின்ற பிறகும் என் பையில் சங்கரா மீன் விழுந்துகொண்டே இருந்தது.

தியேட்டரில் நடந்தது இதுதான்: இடைவேளையில் பாப்கார்ன் வாங்கப் போனவர்கள் திரும்பி வந்து உட்காருவதற்குள் நான் செத்துவிட்டேன்.