இன்னும் ஒரே ஒரு தட்டு

மனைவியை ஒரு தடவையாவது ஜெயித்துவிடுவது என்று ஒரு திங்கட்கிழமை காலை, பல் தேய்க்கும்போது நம்மவர் முடிவு செய்தார். வாய் நிறைய நுரை இருந்ததால் வெளியே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும். உங்களுக்கும் எனக்கும் இந்தக் கதை கிடைத்திருக்காது.

நம்மவருக்கு உத்தியோகம் வீடியோ கேம் கம்பெனியில். படம் வரைவது, குதிரையை ஓடவிடுவது எல்லாம் வேறு ஆட்கள். இவர் வேலை ஒன்றே ஒன்றுதான்: விளையாடுகிறவர் போனைக் கீழே வைக்காமல் பார்த்துக்கொள்வது. எந்த இடத்தில் தோற்க வேண்டும், எத்தனை தடவை தோற்றபின் ஜெயிக்க விட வேண்டும், ஜெயித்தால் காதில் என்ன சத்தம் விழ வேண்டும், எல்லாம் இவர் முடிவு. இவர் செய்த கேமை ஆடியவர்கள் பஸ்ஸை விட்டார்கள், பாலைப் பொங்க விட்டார்கள். ஒரு பல் டாக்டர், நோயாளியை வாய் பிளந்தபடியே நாற்காலியில் விட்டுவிட்டாராம். அந்தச் செய்தி வந்த அன்று ஆபீஸில் கேக் வெட்டினார்கள். "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று ஊரையே புலம்ப வைத்ததால், ஆபீஸில் இவருக்குப் பட்டப்பெயரே 'இன்னும்ஒண்ணு'.

அம்மணி பிசியோதெரபிஸ்ட். மடங்காத முழங்காலை மடக்குவதும், தூக்க முடியாத தோளைத் தூக்க வைப்பதும் அவள் தொழில். இத்தனை நாள் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள், போன மாதம் தெருமுனையில் சொந்தமாக ஒரு அறை எடுத்துத் தொடங்கினாள். தொடங்கிய அன்றே வீட்டில் ஒரு புதுச் சட்டம் வந்தது.

"இனிமே சாயங்காலம் சமையல் நான், பாத்திரம் நீங்க" என்றாள்.

"தாராளமா" என்றார் நம்மவர். கல்யாணமான ஆண்பிள்ளை தாராளமா என்றால் பார்க்கலாம் என்று அர்த்தம்.

ஆனால் அங்கேதான் பிரச்சினை. சாப்பிட்டு எழுந்ததும் ஹால் சோபாவில், சன்னல் பக்கம் தலை வைத்து, ஒரு மணி நேரம் மல்லாந்து கிடப்பது நம்மவரின் பிறப்புரிமை. அந்த சோபாவில் அவர் உடம்பின் அச்சே விழுந்திருந்தது. சொத்தை எழுதிக் கொடு என்றால்கூட யோசிப்பார். அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் யாருக்கும் விட்டுத்தர மாட்டார். ஆகவேதான் அந்த நுரைச் சபதம்.

செவ்வாய்க்கிழமை ஃபிரிட்ஜ் கதவில் ஒரு பெரிய அட்டை ஒட்டியிருந்தது. கலர் கலராகக் கட்டங்கள், நட்சத்திரங்கள், மேலே ஒரு கிரீடம்.

"என்னங்க இது?"

"கேம்."

"பாத்திரம் கழுவறதுன்னுதானே எழுதியிருக்கு?"

"வேலைன்னு பார்த்தா வேலைம்மா. ஆட்டம்னு பார்த்தா ஆட்டம். எங்க போய்ச் சேரணும்னு கண்ணுக்குத் தெரியணும். செஞ்ச உடனே பலன் தெரியணும். கொஞ்சம் கஷ்டமா இருக்கணும், ரொம்பக் கஷ்டமா இருக்கக் கூடாது. அவ்வளவுதான் சூட்சுமம். உலகமே இதுலதான் குப்புற விழுந்து கிடக்கு."

"யாரு ஆடறது?"

"நீதான். புதுசா வர்றவங்களுக்குத்தான் எங்க கேம்ல முதல் மரியாதை."

புதிதாக வந்த நோயாளியின் முழங்காலைப் பார்ப்பதுபோல அம்மணி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எவ்வளவு தூரம் மடங்கும் என்று கணித்திருப்பாள் போல. பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

மூன்று நாள் சொர்க்கம். உள்ளே அம்மணி ஒவ்வொரு தட்டாகக் கவிழ்க்க, இவர் சோபாவில் படுத்தபடியே ஒரு டம்ளரை ஸ்பூனால் 'டிங்' என்று தட்டினார். சத்தம் இல்லாத வெற்றி வெற்றியே இல்லை என்பது ஆபீஸில் இவர் நடத்தும் பாடம். முடித்ததும் நேரத்தை அட்டையில் எழுதி ஒரு நட்சத்திரம் ஒட்டினார். மூன்று நாளும் பதினாலு நிமிஷம். மனுஷன் சோபாவில் புரண்டு படுத்துத் தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார்.

நாலாம் நாள் அம்மணி கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஒரே வார்த்தை சொன்னாள்.

"போரடிக்குது."

நம்மவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். திட்டினால் தாங்குவார், சாப்பாடு இல்லை என்றால் தாங்குவார். அவர் செய்த கேமைப் பார்த்து யாராவது இந்த வார்த்தையைச் சொன்னால் மட்டும் அவருக்கு மூச்சு முட்டும்.

"எங்க போரடிக்குது? எந்த இடத்துல? சரியாச் சொல்லு."

"எதிராளி இல்லையேங்க. பதினாலு நிமிஷத்துல நானே கழுவி, நானே பார்த்துக்கறதுல என்ன இருக்கு?"

"பதினாலு நிமிஷம் ஒரு நேரமா? நான் பன்னண்டுல முடிப்பேன்."

"உங்களால முடியாதுங்க. விடுங்க. அந்த வாணலி அடிப்பிடிச்சிருக்கு, அது பழகின கைக்குத்தான் வரும்."

முடியாது என்று சொன்னபின் எந்த ஆண்பிள்ளை உட்கார்ந்திருப்பான்? சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். தட்டுகள் பறந்தன. ஒவ்வொன்றுக்கும் வெளியிலிருந்து 'டிங்' கேட்டது. கேட்கக் கேட்கக் கை தானாக ஓடியது. முடித்தபோது பதினாலு நிமிஷம் பத்து செகண்ட்.

"அடடா, பத்து செகண்டுதானேங்க" என்று அம்மணி உச்சுக் கொட்டினாள். "அந்த வாணலி மட்டும் இல்லேன்னா நீங்கதான்."

மறுநாள் ஐந்து செகண்ட் வித்தியாசத்தில் தோற்றார். அதற்கு மறுநாள், என்ன அதிசயமோ, வாணலியைக் காணோம். பதின்மூன்றே முக்கால் நிமிஷத்தில் ஜெயித்தார். அம்மணி அட்டையிலிருந்த கிரீடத்தைக் கத்தரித்து அவர் தலையில் வைத்தாள். நாற்பத்திரண்டு வயதில் பாத்திரம் கழுவிக் கிரீடம் வாங்கிய மனுஷன், கண்ணாடியில் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டார். ஆனந்தமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

அப்புறம் அவரைப் பிடிக்க ஆளில்லை. காலண்டரில் தினம் ஒரு சிவப்பு டிக். ஒரு நாள் ஜுரத்தோடுகூட மாத்திரை போட்டுக்கொண்டு கழுவினார். டிக் விட்டுப்போனால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று அம்மணி சட்டம் போட்டிருந்தாள். அந்தச் சட்டமும் இவர் ஆபீஸில் கண்டுபிடித்ததுதான். நாளுக்கு நாள் ஒரு பாத்திரம் கூடியது. குக்கர் வந்தது, அதன் பின்னாலேயே அடுப்பு மேடை துடைப்பது வந்தது. எதுவும் திணறடிக்கிற மாதிரி வரவில்லை. போதும் போடா என்று தோன்றுகிற அன்றைக்குச் சரியாக மூன்றே தட்டு விழும்.

நேரம் பன்னிரண்டுக்கு வந்து அங்கேயே நின்றபோது அம்மணி ஒரு செய்தி கொண்டுவந்தாள்.

"பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரர் பத்து நிமிஷத்துல முடிக்கறாராம். அவர் வீட்டம்மா சொன்னாங்க."

"அந்த ஆளா? சில்லறை எடுத்துக் கொடுக்கவே அரை மணி நேரம் ஆக்குவாரே."

"எனக்கென்னங்க தெரியும்? கேட்டதைச் சொன்னேன்."

அன்றிலிருந்து நம்மவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆபீஸில் மீட்டிங் நடக்கும்போது காகிதத்தில் தட்டு அடுக்கும் வரிசையைப் படம் போட்டுக்கொண்டிருந்தார். பெரிய அதிகாரி எட்டிப் பார்த்து, புது கேமா என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினார்.

ஒரு மாலை லிஃப்ட் ரிப்பேர். மாடிப்படியில் மருந்துக்கடைக்காரர் எதிரே வந்தார். இருவர் விரல்களும் ஊறிச் சுருங்கியிருந்தன.

"சார், ஒண்ணு கேக்கணும்" என்றார் மருந்துக்கடைக்காரர் குரலைத் தாழ்த்தி. "எப்படி சார் பத்து நிமிஷத்துல முடிக்கறீங்க?"

"நானா? நீங்கதானே பத்து நிமிஷம்?"

"நான் பன்னண்டுக்குக் கீழ போனதே இல்லையே சார். பக்கத்து வீட்டு சாரைப் பாருங்கன்னு என் வீட்டம்மா தினம் சொல்லிக் காட்டறா."

இருவரும் படியில் உட்கார்ந்தார்கள்.

"எத்தனை நாளா ஆடறீங்க?" என்று நம்மவர் கேட்டார்.

"இன்னியோட பத்தொன்பது. நீங்க?"

"இருபத்தெட்டு."

"விடாமலா?" மருந்துக்கடைக்காரர் மரியாதையாகப் பார்த்தார். அந்த நிலைமையிலும் நம்மவருக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்தது.

மறுநாள் சாப்பாடு முடியும்வரை பொறுத்திருந்து ஹாலுக்கு வந்தார். அம்மணி சோபாவில் படுத்திருந்தாள். சன்னல் பக்கம் தலை. அச்சு இப்போது அவள் அளவுக்கு மாறியிருந்தது. கையில் டம்ளரும் ஸ்பூனும் தயாராக இருந்தன.

"எல்லாம் தெரிஞ்சுபோச்சு" என்றார் நம்மவர். "பத்து நிமிஷம் பொய். வாணலியை ஒளிச்சு வச்சதும் நீதான்."

"ஆமாங்க."

இப்படி உடனே ஒத்துக்கொள்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. தயார் செய்து வைத்திருந்த அடுத்த நாலு வாக்கியம் வீணானது.

"முதல் மூணு நாள் பதினாலு நிமிஷம்? அதாவது நிஜமா?"

"எட்டு நிமிஷத்துல முடிஞ்சுடுங்க. மிச்ச நேரம் சன்னல் வழியா வேடிக்கை பார்த்துக்கிட்டு நின்னேன்."

"எனக்கேவா? இதைத் தொழிலா செய்யற எனக்கே இதைச் செஞ்சியா?"

"நீங்க எட்டு வருஷமாச் செய்யறீங்க. நான் பதினாறு வருஷமாச் செய்யறேன். காலைத் தூக்க மாட்டேன்னு வர்றவர்கிட்ட இருபது தடவை தூக்குங்கன்னு சொன்னா ஓடியே போயிடுவார். பக்கத்துக் கட்டில்காரர் ஒன்பது தூக்கினார்னு சொன்னா, பத்து தூக்குவார். ஆம்பளைன்னா பன்னண்டு."

நம்மவர் மார்பில் கை கட்டினார். "ஆட்டம் முடிஞ்சுது. இனிமே நான் தொட மாட்டேன். எழுந்திரு, அது என் சோபா."

அம்மணி உடனே எழுந்துவிட்டாள். குஷனைத் தட்டி நேராக வைத்தாள்.

"படுத்துக்குங்க. பாவம், உங்களுக்கும் ஓய்வு வேணும்தானே. இன்னிக்குக் கழுவினா இருபத்தொன்பது. நாளைக்கு முப்பதாகியிருக்கும். முப்பதாவது நாளுக்குன்னு ஒண்ணு வாங்கி, ரிப்பன் கட்டி அலமாரியில வச்சிருந்தேன். பரவாயில்லை, திருப்பிக் கொடுத்துடலாம்."

நம்மவர் படுத்தார். சன்னல் பக்கம் தலை வைத்தார். கண்ணை மூடினார். கண்ணுக்குள் இருபத்தெட்டு சிவப்பு டிக்கும், அதற்கடுத்த வெறும் கட்டமும் தெரிந்தன.

"என்ன வாங்கினே?"

"அதான் ஆட்டம் முடிஞ்சுபோச்சே."

"சும்மா தெரிஞ்சுக்கத்தான். பெரிசா, சின்னதா?"

"நீளமா இருக்கும்."

ஐந்து நிமிஷம் கழித்துச் சமையலறையில் குழாய்ச் சத்தம் கேட்டது. 'டிங்' என்றது டம்ளர்.

மறுநாள் முப்பதாவது டிக்கைப் போட்டுவிட்டு, ஈரக்கையைத் துடைக்கக்கூட நேரமில்லாமல் அலமாரியைத் திறந்து ரிப்பனைப் பிரித்தார். உள்ளே நீளக் கைப்பிடி வைத்த புத்தம்புது பிரஷ். கழுத்தில் ஒரு சீட்டு: 'வாழ்த்துகள். அடுத்த நிலை திறந்துவிட்டது: பாத்ரூம்.'

நம்மவர் பிரஷ்ஷைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றார். உள்ளுக்குள் ஏதோ ஒன்று, வேண்டாம்டா, போட்டுவிட்டு ஓடு என்று கெஞ்சியது.

"பிடிக்கலேன்னா விட்டுடுங்க" என்றாள் அம்மணி சோபாவிலிருந்து. "மருந்துக்கடைக்காரர் நேத்தே பாத்ரூம் ஆரம்பிச்சுட்டாராம்."

அந்தக் கடைக்காரருக்கு முப்பது நாள் ஆக இன்னும் ஒன்பது நாள் பாக்கி. இது பச்சைப் பொய். நம்மவருக்கு அது நன்றாகத் தெரியும்.

"எத்தனை நிமிஷமாம்?" என்று கேட்டார்.