எலுமிச்சை இலையில் வெள்ளிக் கோடு

அளவுக்கு மீறி அக்கறை காட்டுகிறவனிடம் கல்யாண வேலையைக் கொடுக்கக் கூடாது. என் தங்கை கலாவின் கல்யாணத்தில் அந்த ஆள் நான்.

அப்பா காலமான வருஷத்துக்குள் நடந்த கல்யாணம். வீட்டில் யாருக்கும் சிரிப்பே வரவில்லை. எனக்கு ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோலில் கீறல் பார்த்து ஒதுக்குகிற வேலை. (என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று ஒரு நினைப்பு.) தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதிலாக எலுமிச்சைக் கன்று கொடுக்கலாம் என்றேன்.

"இன்னாவோ செய்" என்றார் அம்மா.

கன்றுகளை முன்கூட்டியே வாங்கி, மொட்டை மாடியில் வைத்து யூரியா போட்டேன். தளதளவென்று தளிர் விட்டது. இலைகளில் வெள்ளிக் கம்பி போல வளைந்து வளைந்து கோடுகள். உயர்ந்த ரகம் போலிருக்கிறது என்று பூரித்துப்போனேன்.

அது இலைத்துளைப்பான் என்று பிற்பாடுதான் தெரிந்தது. அரிசியைவிடச் சின்ன அந்துப்பூச்சி; இளந்தளிராகப் பார்த்து முட்டையிடும். புழு இலைத்தோலுக்கு அடியில் புகுந்து தின்றுகொண்டே போகும். அது போன வழிதான் அந்தக் கோடு. கடைசியில் இலையோரத்தை மடித்து, அதற்குள் கூட்டுப்புழுவாகக் கிடந்து, பூச்சியாக வெளியே வரும். (யூரியா போட்டு நான் வளர்த்தது எலுமிச்சையை அல்ல.)

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலை வேலூர் மண்டபத்தில் வரவேற்பு. விடாத மழை. மாப்பிள்ளையின் அத்தை தாம்பூலப் பையைத் திறந்தார். அடைபட்டிருந்த பூச்சிகள் வெள்ளைத் தூளாகக் கிளம்பி அவர் பட்டுப்புடவையில் உட்கார்ந்தன. அவர் இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னாப்பா, எலுமிச்ச இலைல மந்திரம் எழுதிக் குடுக்குறீங்க?"

நானும் அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தேன். கோட்டின் நுனியில் ஏதோ நெளிந்தது.

"எழுதலீங்க அத்த. உள்ள புழு இருக்குது" என்றேன், சமாதானமாக.

சூனியம் என்ற பேச்சு பந்தி வரை போய்விட்டது. மாப்பிள்ளையின் அப்பா, எங்கள் அம்மாவைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். திரும்பி வந்த அம்மா ஒரு மூலையில் உட்கார்ந்து அப்பாவை நினைத்து அழுதார். காலையில் தாலி ஏறுமா என்பதே சந்தேகமாகிவிட்டது.

"பூச்சிதானப்பா, வுடுங்க" என்று மாப்பிள்ளை தன் அப்பாவிடம் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

கல்யாணம் நடந்தது. வாலாஜாபேட்டைக்குக் கார் ஏறும்வரை கலா என் முகத்தைப் பார்க்கவில்லை. கைவிடப்பட்ட பைகளோடு நானும் அம்மாவும் வீடு திரும்பினோம்.

போன வருஷம் அந்த அத்தை இறந்துபோனார். மாலையோடு போய் நின்றேன்.

"கலாவோட அண்ணன். எலுமிச்சக் கன்னு குடுத்தாரே, அவுரு" என்று யாரோ அறிமுகம் செய்தார்கள்.

அழுதுகொண்டிருந்த ஒரு பெண் எழுந்து வந்து, என் கையிலிருந்த மாலையை வாங்கி, இலைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் உடலின்மேல் போட்டார்.