தராசு அண்ணனும் வளராத காளையும்

கடவுளுக்கு அடுத்தபடியாகத் தப்பே செய்யாதவர் தான்தான் என்று முழுமனதோடு நம்பிய ஒரே மனிதரை எனக்குத் தெரியும். திங்கள்சந்தை என்ற ஊருக்குப் பக்கத்தில் மாட்டிறைச்சிக் கடை வைத்திருந்த தராசு அண்ணன்.

நான் அப்போது அங்கே அரசுக் கால்நடை மருந்தகத்தில் வேலை பார்த்தேன். அண்ணன் வீட்டு மாடியறையில் குடியிருந்தேன். உயிருள்ள எதையும் அவர் ஒரே பார்வையில் எடைபோட்டுச் சொல்லிவிடுவார். மாட்டை மட்டுமல்ல. ஒரு கல்யாண மேடையில் ஏறி மாப்பிள்ளையின் கையைக் குலுக்கிவிட்டு, "நீரு அறுவத்தாறு, பொண்ணு எழுவத்தொம்பது. பாத்து இரியும் மக்கா" என்று வாழ்த்தியவர். அந்தக் குடும்பம் அதற்குப் பிறகு கடைப்பக்கமே வரவில்லை. எடை தப்பவில்லை என்று கேள்வி.

கன்றைப் பார்த்து, வளர்ந்தால் எத்தனை கிலோ தேறும் என்றும் சொல்வார். ஒருநாள் நாட்டுக் காளைக்கன்று ஒன்றை வாங்கிவந்து முற்றத்தில் கட்டி, தெருவுக்கே கேட்கும்படி அறிவித்தார்: "மூணு வருசம் கழிச்சுப் பாருங்க. முந்நூறு கிலோ!"

மூன்று வருடம் ஆனது. காளைக்குக் கொம்பு வந்தது, கோபம் வந்தது, உடம்பு மட்டும் வரவில்லை. நூற்றைம்பதிலேயே நின்றுவிட்டது. கடைக்கு வந்தவர்களெல்லாம், "அண்ணே, ஆடு கொள்ளாமே, நல்லாருக்கே! என்ன விலை?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அண்ணனின் கண் தப்பாது. அப்படியானால் தப்பு வேறு யாரோ செய்தது. சுற்றிப் பார்த்தார். மனைவி எஸ்தர் அக்கா நின்றிருந்தார்.

"நான் வாங்கிப் போடுற தவிடும் புண்ணாக்கும் எங்கட்டி போவுது? உனக்க அண்ணன் வீட்டு எருமைக்கா?"

அக்கா கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார். அத்தோடு அவரிடம் பேச்சையும் நிறுத்தினார். ஏழு மாதம்.

அதன்பின் வீட்டுப் பேச்செல்லாம் காளை வழியாகத்தான். "காளையே, சோறு வெளம்பி வச்சிருக்கு, திங்கச் சொல்லு" என்பார் அக்கா. "காளையே, மீன்கறிக்கு உப்பு காணாதுன்னு சொல்லு" என்பார் அண்ணன். காளை இருவரையும் மாறிமாறிப் பார்த்து அசைபோடும். எனக்குச் சிரிப்புத் தாங்காது. ஒருநாள் அக்கா பெட்டியில் துணி அடுக்குவதைப் பார்த்தேன். சிரிப்பு நின்றுபோயிற்று. கிறிஸ்துமஸ் முடிந்ததும் தன் கூடப்பிறந்த அண்ணன் வீட்டோடு போய்விடப் போகிறாராம். "இருவத்தாறு வருசம் கூட இருந்தவ கள்ளியாம் சாரே" என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் வெளியூர்க் கல்லூரியிலிருந்து டாக்டரம்மா ஒருவர் வந்தார். நாட்டு மாடுகளின் உடம்பளவுக்கும் மரபணுவுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி ஆராய்ச்சி. மாட்டின் உயரம், நீளம், நெஞ்சுச் சுற்றளவு, ஒரு குப்பி ரத்தம் வேண்டும். டேப்பின் மறுமுனையைப் பிடிப்பது என் வேலை. நான் அவரை முதலில் கூட்டிக்கொண்டு போனது அண்ணனின் முற்றத்துக்கு.

அண்ணன் டேப்பை ஏற இறங்கப் பார்த்தார். "கண்ணு இல்லாதவங்களுக்கு உள்ள சாமானம்."

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே காளையின் பல்லையும் விலாவையும் பார்த்தார். "நோய் எதுவும் தெரியலை. பிறவியிலேயே சின்ன உடம்பா இருக்கலாம். ரத்தத்தைப் பார்த்துட்டுச் சொல்றேன்."

அவ்வளவுதான். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய பையனைப் போல ஆகிவிட்டார் அண்ணன். தினமும் மருந்தகத்துக்கு வந்து எட்டிப்பார்த்தார். "காளைக்கு ரிசல்ட் வந்தாச்சா சாரே?"

டிசம்பரில் டாக்டரம்மாவின் போன் வந்தது. முற்றத்தில் நின்று ஸ்பீக்கரில் போட்டேன். அண்ணன் என் பக்கத்தில். அக்கா அடுக்களை வாசலில், முதுகைக் காட்டிக்கொண்டு.

"உடம்பு வளர்ச்சியோட தொடர்புள்ள ஒரு மரபணுவைப் பார்த்தோம். அதுல ரெண்டு வகை உண்டு. சின்ன மாடுகள்ல அதிகமா வர்ற வகைதான் உங்க காளைக்குத் தாய்கிட்டயிருந்தும் வந்திருக்கு, தகப்பன்கிட்டயிருந்தும் வந்திருக்கு. இது ஒண்ணை வச்சு மட்டும் எல்லாத்தையும் சொல்லிட முடியாது. ஆனா தீனியில குறையே இல்லை. நல்லா வளர்த்திருக்காங்க."

அண்ணன் முகம் மலர்ந்தது. "பாத்தியளா சாரே! ரத்தத்துக்குள்ள கிடக்குறது கண்ணுக்கு எப்படித் தெரியும்?" அந்தச் சந்தோஷம் அரை நிமிடம் நின்றது. பிறகு அடுக்களை வாசலில் தெரிந்த முதுகைப் பார்த்தார். மெல்லக் காளையிடம் போனார்.

"காளையே... நான் சொன்னது தப்புன்னு சொல்லு."

அக்கா திரும்பவில்லை. "காளைக்குக் காது கேக்கலியாம். உரக்கப் பறையச் சொல்லு."

அண்ணன் மூச்சை இழுத்துப் பிடித்துக் கத்தினார். "எஸ்தரே! தப்பு எனக்க தப்புதான்!" நாலு வீட்டுக்கு அப்பால் ஒரு ஜன்னல் திறந்தது.

அக்கா திரும்பினார். "சோறு ஆறுது. வாரும்."

நான் மாடிக்கு வந்து கட்டிலில் விழுந்தேன். ஏழு மாதமாக அந்தக் காளையை நானே முதுகில் சுமந்துகொண்டு திரிந்தது போலவும், இப்போதுதான் இறக்கிவைத்தது போலவும் இருந்தது. பெட்டித் துணிகள் மறுநாளே கொடிக்கு வந்துவிட்டன. காளையை அண்ணன் கடைசிவரை வெட்டவில்லை. "சாட்சியை வெட்டப்பிடாது" என்பார்.

அடுத்த வருடம் எனக்கு விழுப்புரம் பக்கம் மாற்றலானது. நான் கிளம்பிய அன்று அண்ணன் கடையைவிட்டு வெளியே வரவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை, இரவெல்லாம் பஸ்ஸில் வந்து கசங்கிய சட்டையோடு என் மருந்தக வாசலில் நின்றார். அந்த ஊர்ச் சந்தையில் மாடு பார்க்க வந்தாராம். என்னோடு ஒரு டீ குடித்தார். கொஞ்சநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினார்.

அங்கே சந்தை செவ்வாய்க்கிழமை. அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.